ஏழு தடவை சரியா வந்துது, எட்டாவது?

2024 அக்டோபரில் ஒரு நாள் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரே ஃபார்வர்டு. உலகத்திலேயே பெரிய பகா எண்ணைக் கண்டுபிடிச்சுட்டாங்களாம். 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. மொத்தம் 4,10,24,320 இலக்கம். ஒரு பக்கத்துக்கு 3,000 இலக்கம்னு வச்சு அச்சடிச்சா 13,675 பக்கம் வரும். கண்டுபிடித்தவர் லூக் டுரான்ட், என்விடியாவில் முன்பு வேலை பார்த்தவர். 17 நாடுகளில் இருக்கிற கிளவுட் ஜிபியுக்களை வாடகைக்கு எடுத்து ஓட்டியிருக்கிறார். டப்ளினில் இருந்த ஒரு ஏ100 'இது பகா எண்ணாக இருக்கலாம்' என்றது. மறுநாள் டெக்ஸாஸில் இருந்த ஒரு ஹெச்100 'ஆமா, அதேதான்' என்று உறுதி செய்தது.

ஹாஸ்டல்ல இதப் பத்திப் பேச்சு ஒரு ராத்திரிதான் ஓடிச்சு. "அத வச்சு என்னடே பண்ணப் போறானுவ?" என்று ஒருத்தன் கேட்டான். "ஒண்ணும் இல்ல, சும்மா"ன்னு இன்னொருத்தன். அதோட முடிஞ்சுது.

என் கருத்து வேறு. அந்த எண்ணிலேயே சுவாரசியம் குறைந்த விஷயம் அதன் நீளம்தான். ஃபார்வர்டு போட்ட எல்லாரும் அதை மட்டும்தான் போட்டார்கள். நீளத்துக்குத் தேவை கரண்டும் ஜிபியுவும் காசும். அந்த எண்ணைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு ஒரு பேப்பரும் பேனாவும் போதும். அப்படிப் பேப்பரோட உக்காந்து பகா எண்களைக் கேள்வி கேட்ட ஒருத்தர் நம்ம நாகர்கோவில்ல படிச்சவர். அவர் பேர் நம்ம காலேஜ்ல எத்தனை பேருக்குத் தெரியும்? எங்க ஃப்ளோர்ல கேட்டுப் பாத்தேன், ஒருத்தனுக்கும் தெரியல.

அவர்கிட்ட வர்றதுக்கு முன்னாடி அந்தப் பெரிய எண்ணிலேயே கொஞ்சம் நிற்போம்.

4 கோடி இலக்கத்தையும் யாரும் நமக்குக் காட்ட வேண்டாம், கடைசி இரண்டு இலக்கத்தை நாமே சொல்லிவிடலாம். 2-இன் அடுக்குகளை 25-ஆல் வகுத்துக்கொண்டே போனால் 20 படிக்கு ஒரு தடவை மீதிகள் திரும்பி வரும். 13,62,79,841-ஐ 20-ஆல் வகுத்தால் மீதி 1. ஆக, அந்த ராட்சச அடுக்கும் வெறும் 2-உம் 25-க்கு முன்னால் ஒன்றுதான், இரண்டுக்கும் மீதி 2. அந்த அடுக்கு 4-ஆலும் வகுபட வேண்டும். 25-ஆல் வகுத்தால் மீதி 2 வரும் இரண்டு இலக்க முடிவுகள் 02, 27, 52, 77. இதில் 4-ஆல் வகுபடுவது 52 மட்டும். ஒன்றைக் கழித்தால் 51. உலகத்தின் பெரிய பகா எண் 51-இல் முடிகிறது. ஜிபியு இல்லாமல், ஒரு டீ குடிக்கிற நேரத்தில்.

இன்னொன்று, கம்ப்யூட்டர் படிக்கிறவங்களுக்கு. இந்த எண்ணை பைனரியில் எழுதினால் வெறும் 1, 1, 1... என்று 13 கோடியே 62 லட்சத்துச் சொச்சம் ஒன்றுகள். நடுவில் ஒரு பூஜ்யம்கூடக் கிடையாது.

இந்த மாதிரி, 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண்ணுக்கு மெர்சென் பகா எண் என்று பெயர். சமீப காலச் சாதனை எண்கள் எல்லாம் இந்தக் குடும்பத்திலிருந்து வருவதற்குக் காரணம் உண்டு. இவற்றைச் சோதிக்க லூகாஸ்–லெமர் என்று ஒரு எளிய முறை இருக்கிறது. 4-இல் தொடங்கு, வர்க்கம் எடு, 2 கழி, அந்த மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை வை, திரும்பச் செய். அடுக்கில் இரண்டு குறைவான தடவை செய்து முடிக்கும்போது மீதி 0 வந்தால் அது பகா எண். 2⁵ − 1 = 31-க்குச் செய்து பாருங்க. 4, அப்புறம் 14, அப்புறம் 194. 194-ஐ 31-ஆல் வகுத்தால் மீதி 8. 8-இன் வர்க்கம் 64, 2 போனால் 62, மீதி 0. மூணே படி. டுரான்ட்டின் இயந்திரம் இதையேதான் 13 கோடி தடவைக்கு மேல் செய்தது.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால்தான் 2-இன் அடுக்கு கழித்தல் 1 பகா எண்ணாக இருக்க முடியும். ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருப்பது மட்டும் போதாது. 2, 3, 5, 7 நாலுக்கும் 3, 7, 31, 127 என்று அழகா வரும். 11-இல் உடையும். 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. 23 என்பது 2 × 11 + 1. 89 என்பது 8 × 11 + 1. இரண்டு காரணியும் '11-இன் மடங்கு கூட்டல் 1'. தற்செயலா? கிடையாது. 1-ஐ இரட்டித்துக்கொண்டே போய் 23-ஐத் தாண்டும்போதெல்லாம் 23-ஐக் கழிச்சுருங்க. 1, 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1. சரியாகப் பதினோராவது படியில் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. ஃபெர்மாவின் சிறிய தேற்றம் 22 படியில் கட்டாயம் 1 வரும் என்கிறது. பதினொண்ணு பதினொண்ணா சுத்துற வண்டி 22-ஆவது படியிலும் வீட்டில் நிற்க வேண்டும் என்றால் 22, 11-இன் மடங்காகத்தான் இருக்கணும். 89-க்கும் இதே கதை. எந்த மெர்சென் எண்ணை எடுத்தாலும், அதன் எந்தப் பகாக் காரணியை எடுத்தாலும், இந்த விதி எப்பவும் நிற்கும். காரணம் இருக்கிற பேட்டர்ன் இது.

இப்போ இதைப் பாருங்க. ஃபேக்டோரியலோடு 1 கூட்டி, காரணிப்படுத்துவோம்.

2! + 1 = 3. அது 1 × 2 + 1.
3! + 1 = 7. அது 2 × 3 + 1.
4! + 1 = 25 = 5 × 5. ஐந்து என்பது 1 × 4 + 1.
5! + 1 = 121 = 11 × 11. பதினொன்று 2 × 5 + 1.
6! + 1 = 721 = 7 × 103. ஏழு 1 × 6 + 1, நூற்று மூன்று 17 × 6 + 1.
7! + 1 = 5041 = 71 × 71. எழுபத்தொன்று 10 × 7 + 1.

1! + 1 = 2 என்பதையும் சேர்த்தால் ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் காரணி அந்த எண்ணின் மடங்கு கூட்டல் 1. அதிலும் 103 வந்து உட்கார்ந்த இடத்தைப் பார்த்தால் யாருக்குமே நம்பத் தோணும். மெர்சென் எண்ணுக்கு வந்த அதே மாதிரி விதி. எழுதிக் கட்டம் போட்டுரலாம்னு கை துறுதுறுக்கும்.

8! + 1 = 40321 = 61 × 661. 61-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 5. 661-ஐ வகுத்தாலும் மீதி 5.

போச்சு. ரெண்டு காரணியும் சேர்ந்து கவுத்துருச்சு. 9! + 1 = 362881 = 19 × 71 × 269. இதில் 19 விதிக்கு அடங்குது (2 × 9 + 1). 71-உம் 269-உம் அடங்காது, ரெண்டையும் 9-ஆல் வகுத்தால் மீதி 8.

'ஃபேக்டோரியல் கூட்டல் 1-இன் பகாக் காரணிகள் எல்லாம் இப்படித்தான் இருக்குமா?' என்ற கேள்வியை எழுப்பியவர் எஸ். எஸ். பிள்ளை. சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. பதில் 'இல்லை'. அந்த 'இல்லை'யைச் சொல்லும் எண்கள், அதாவது விதிக்கு அடங்காத 61, 71, 269 மாதிரியான பகா எண்கள், இன்றைக்கு உலகம் முழுக்க 'பிள்ளை பகா எண்கள்' என்று அழைக்கப்படுகின்றன. ஒருத்தர் பேரு அவர் கண்ட விதிக்கு வைக்கப்படுவது வழக்கம். இங்கே விதியை உடைக்கிற எண்களுக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு. இப்படிப்பட்ட எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றன என்பதை எர்டோஷும் சுப்பாராவும் பின்னால் நிரூபித்தார்கள்.

பிள்ளை பிறந்தது 1901 ஏப்ரல் 5, குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லம். பிறந்து ஒரு வருஷத்தில் அம்மா போய்விட்டார். பள்ளிப் படிப்பு முடியும் முன்பு அப்பாவும் போய்விட்டார். சாஸ்திரியார் என்று ஒரு ஆசிரியர் கைகொடுத்ததால் செங்கோட்டையில் பள்ளிப் படிப்பை முடித்தார். உதவித்தொகை கிடைத்து, இன்டர்மீடியட் படிக்க வந்தது நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரிக்கு. அப்புறம் பி.ஏ. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில். அன்றைக்கு நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானம், நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல்தான். அதனால அவருக்கு நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ராஜ்யத்துக்குள்ள இருந்த ரெண்டு ஊர்.

பிறகு சென்னையில் ஆராய்ச்சி, 1929-இலிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை. சென்னைப் பல்கலைக்கழகம் கணிதத்தில் கொடுத்த முதல் டி.எஸ்சி. பட்டம் அவருக்குத்தான். சிதம்பரத்தில் இருந்துகொண்டே வாரிங் கணக்கைப் பிடித்தார். எந்த எண்ணையும் நாலு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், ஒன்பது கனங்களின் கூட்டலாக எழுதலாம். ஆறாம் அடுக்குகளாக எழுத எத்தனை வேணும்? 73 போதும், அதுக்குக் குறைஞ்சா முடியாது என்று 1940-இல் நிறுவினார். ஏழு, அதற்கு மேல் உள்ள அடுக்குகளுக்கு 1930-களின் நடுவிலேயே பொதுவான விடையை எட்டியிருந்தார். அதே சமயத்தில் அமெரிக்காவில் டிக்ஸன் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஈமெயில் இல்லாத காலத்தில் ரெண்டு கண்டத்தில் ரெண்டு பேர். 1941-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம், மறு வருஷம் கல்கத்தா.

1950-இல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம் அவரை ஒரு வருஷத்துக்கு அழைத்தது. ஹார்வர்டில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்வதாக ஏற்பாடு. ஆகஸ்ட் 31-ஆம் தேதி, அவர் போன டிடபிள்யூஏ விமானம் கெய்ரோவில் இருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பாலைவனத்தில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். அவருக்கு வயசு 49.

இனி என் புகாருக்கு வர்றேன்.

வருஷா வருஷம் டிசம்பர் 22-ஆம் தேதி நம்ம காலேஜ்ல தேசிய கணித தினம் கொண்டாடுறோம். ராமானுஜன் படத்துக்கு மாலை. 1729 டாக்ஸி கதை. ஒரு வினாடி வினா, அதுல எப்படியும் 'பை'யின் மதிப்பு கேட்பாங்க. ஒரு ரங்கோலி. ஒரு இ-சர்டிபிகேட். ராமானுஜன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர் பேரைச் சொல்லி நாம செய்யுற இதுல ஒரு கணக்குகூட இல்லைங்கறதுதான் வருத்தம். ஒரு தாளில் ஒரு வரி எழுதாமலே கணித தினம் முடிஞ்சு போகுது. டவுன் பஸ்ல ஸ்காட் காலேஜ் வழியா தினமும் வர்ற பிள்ளைகள் நம்ம கிளாஸ்ல பாதி. அந்தச் சுவருக்கு உள்ளே பிள்ளை படித்தார் என்று ஒரு பேனர்லகூட இதுவரை நான் பார்க்கவில்லை.

இதுல ஊர்ப்பெருமை பேசலாம்னு நான் வரல. அவர் வல்லத்துக்காரர், நாகர்கோவில்ல இருந்தது கொஞ்ச காலம்தான். 'எங்க ஊர் மேதை'ன்னு ஃப்ளெக்ஸ் அடிச்சா வல்லத்துக்காரங்க சண்டைக்கு வருவாங்க, அது நியாயமும்தான். எனக்கு வேணுங்கறது அவரோட கேள்வி. ஏன்னா அது நம்ம படிப்போட நோயைத் தொட்டுக் காட்டுது.

நாம எப்படிப் படிக்கிறோம்? பழைய ஏழு கொஸ்டின் பேப்பரை எடுக்கிறோம். ஏழிலும் வந்ததுக்கு ஸ்டார் போடுறோம். எட்டாவதில் அதுவே வரும்னு நம்பி ராத்திரி ரெண்டு மணி வரை மனப்பாடம் பண்றோம். நிறையத் தடவை வரவும் செய்யுது, அதுதான் பிரச்சினை. ஆர்எஸ்ஏ-க்கு 13 மார்க். 3-ம் 11-ம் குடுப்பான், 33 போட்டு, 20 போட்டு, டக்குன்னு முடிச்சுரலாம். சிலபஸ்ல 'பகா எண் சோதனை'ன்னு ஒரு வார்த்தை இருக்கு. அதுக்கு மில்லர்–ராபின் படிகளை ஒப்பிச்சுட்டுப் போறோம். நிஜ ஆர்எஸ்ஏ 2,048 பிட் சாவி, அதுக்குள்ள தலா 300-க்கும் மேல் இலக்கம் உள்ள ரெண்டு பகா எண்கள் ஒளிஞ்சிருக்கு. அந்த எண்கள் எங்கேயிருந்து வருது, அது பகா எண்தான்னு யார் சொன்னா, எவ்வளவு உறுதியா சொன்னாங்கன்னு யாரும் கேக்கறது இல்ல. கேட்டா, "மக்கா, அது அவுட் ஆஃப் சிலபஸ்லா"ன்னு பக்கத்துல இருக்கவனே வாயை அடைச்சுருவான்.

கோடிங் டெஸ்ட்ல மட்டும் நமக்கு இது உறைக்கும். கண்ணுக்குத் தெரியுற டெஸ்ட் கேஸ் ஏழும் பாஸ். சப்மிட் கொடுத்தா எட்டாவது மறைஞ்சிருக்க கேஸ்ல ஃபெயில். திட்டுறோம், ஒரு 'இஃப்' சேர்க்கிறோம், திரும்ப சப்மிட். 8! + 1 என்பது அந்த மறைஞ்சிருக்க டெஸ்ட் கேஸ்தான். வித்தியாசம் என்னன்னா, பிள்ளை ஏழு பாஸ் ஆனதைப் பார்த்து சப்மிட் பட்டனை அமுக்கல, கேள்வியா எழுதி வச்சார்.

மெர்சென் எண்ணின் விதியும் ஃபேக்டோரியல் விதியும் ஏழு வரிகளில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஒன்றுக்குப் பின்னால் அந்தப் பதினோரு படிச் சுற்று இருக்கிறது. மற்றதுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, சின்ன எண்களின் உலகம் நெருக்கமானது என்பதைத் தவிர. எது காரணத்தோடு நிற்கிறது, எது அதிர்ஷ்டத்தில் நிற்கிறது என்று கேட்கத் தெரியாமல் நாலு வருஷம் முடித்துவிட்டு வெளியே போனால் நாம் கட்டப்போகிற பாலத்தையும் எழுதப்போகிற கோடையும் எண்ணி எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு.

"சரி மக்கா, பிளேஸ்மென்ட்ல இத கேப்பானா?" கேக்க மாட்டான். நான் பொய் சொல்ல விரும்பல. ஆனா இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகளுக்கும் பகா எண்ணுக்கும் சம்பந்தம் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. ஒரு எண் பகா எண்ணா என்பதைச் சந்தேகமே இல்லாமல், பல்லுறுப்புக்கோவை நேரத்தில் சொல்லும் முறை இருக்கா என்று கணினி அறிவியல் ரொம்ப நாளா தவிச்சுக்கிட்டு இருந்தது. 2002 ஆகஸ்டில் ஐஐடி கான்பூரிலிருந்து மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூன்று பேரும் 'இருக்கு' என்று காட்டினார்கள். அகர்வால் பேராசிரியர். மற்ற ரெண்டு பேரும் அந்த வருஷம்தான் பி.டெக். முடித்தவர்கள். அவங்க இறுதியாண்டு புராஜெக்டில் தொடங்கிய வேலை அது. நம்ம இறுதியாண்டு புராஜெக்டை எந்தக் கடையில வாங்குறோம்னு இங்க எழுத வேண்டாம்.

ஐஐடி-ல வசதி இருக்கும், நமக்கு என்ன இருக்குன்னு கேப்பீங்க. பிள்ளைக்கு என்ன இருந்தது? கால்குலேட்டர்கூட இல்லை. 14! என்பது 87,17,82,91,200 என்ற 11 இலக்கப் பூதம்; ஆனால் அதையும்கூட முழுசா எழுதத் தேவையில்லை. எப்படின்னு பாருங்க.

வில்சன் தேற்றம் 22!-ஐ 23-ஆல் வகுத்தால் மீதி 22, அதாவது −1 என்கிறது. இப்போ 22!-இன் உச்சியிலிருந்து நாலு எண்ணைக் கழற்றுங்க: 22, 21, 20, 19. 23-க்கு முன்னால் இவை −1, −2, −3, −4. பெருக்கினால் 24, மீதி 1. ஒன்றால் பெருக்கியிருந்ததை எடுத்துவிட்டால் எதுவும் மாறாது. அப்போ 18!-க்கும் மீதி −1. இன்னும் நாலு கழற்றுங்க: 18, 17, 16, 15. இவை −5, −6, −7, −8. பெருக்கினால் 1680. 23 × 73 = 1679. மீதி மறுபடியும் 1! ஆக 14!-க்கும் மீதி −1. அதாவது 14! + 1, 23-ஆல் மீதியில்லாமல் வகுபடும். ஆனால் 23 என்பது 14 + 9, '14-இன் மடங்கு கூட்டல் 1' கிடையாது. பிள்ளை பகா எண்களில் ஆகச் சின்னது இந்த 23தான். 2047-ஐ உடைத்த அதே 23. அந்த எண்ணுக்கு ஏதோ குசும்பு இருக்கு.

இதுல 24-ம் 1680-ம் ஒன்றுக்கு ஒன்று தள்ளி வந்து உட்கார்ந்ததைப் பார்த்தப்போ எனக்குக் கிடைச்ச சந்தோஷம் எந்த ஹேக்கத்தானிலும் கிடைச்சதில்ல.

அதனால வர்ற டிசம்பர் 22-க்கு மேத்ஸ் அசோசியேஷன்காரங்களுக்கு என் யோசனை. மாலை போடுங்க, ரங்கோலியும் போடுங்க. அதுக்கு அப்புறம் ரெண்டு மணி நேரம் லேபைத் திறந்து விடுங்க. ராமானுஜன் படத்துக்குப் பக்கத்தில் பிள்ளை பேரை எழுதிப் போடுங்க. முதல் மணி நேரம் லேப்டாப்பை யாரும் திறக்கக் கூடாது, மேலே சொன்ன ஏழு வரியையும் எட்டாவது வரியையும் கையால போடணும். எட்டாவதில் உடையப் போகுதுன்னு முதலாமாண்டு பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிடாதீங்க, அந்த முகத்தைப் பார்க்கணும். ரெண்டாவது மணி நேரம் கோடு. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் 1-இலிருந்து பெருக்கிக்கொண்டே வந்து ஒவ்வொரு படியிலும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும், எண் பெரிசாகவே ஆகாது. மீதி −1 ஆகும் இடத்தில் நிறுத்திச் சோதிக்கணும். பத்து வரி வராது. 100-க்குள் 25 பகா எண்கள், அதில் 8 பிள்ளை எண்கள். 10,000 வரை போனால் பங்கு கூடுதா குறையுதா? எந்த லேப்டாப்பிலும் சில நொடி வேலை. கூடுதுன்னு வந்தா, ஏன்னு கேட்க ஒருத்தராவது அங்க இருப்பாங்க.

அது முடிஞ்சும் பசி அடங்காதவங்களுக்கு பிள்ளையின் இன்னொரு கணக்கு. தொடர்ச்சியா வரும் எண்களை எடுத்துக்கோங்க. 16 வரை எத்தனை எடுத்தாலும், அதில் ஒரு எண்ணாவது மற்ற எல்லா எண்களோடும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாமல் தனியாக நிற்கும் என்று அவர் நிறுவினார். 17 ஆனால் அந்த உறுதி போய்விடும். 2184-இலிருந்து 2200 வரை எழுதிப் பாருங்க. பதினேழு பேரில் ஒருத்தருக்கும் தனியா நிற்க வழியில்லை. 2197 பார்க்க அப்பாவி மாதிரி இருக்கும், அது 13 × 13 × 13. 2184 அதைப் பிடிச்சு வச்சிருக்கு. பதினாறு தடவை சரி, பதினேழில் உடைவு. இந்த மனுஷனுக்கு இதே வேலைதான்!

அவர் விட்டுப்போன ஒரு கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. வர்க்கம், கனம் மாதிரியான முழு அடுக்குகளை வரிசையாக எழுதினால் 1, 4, 8, 9, 16, 25, 27, 32... இரண்டு அடுக்குகளுக்கு இடையே வித்தியாசம் 1 வருவது 8-க்கும் 9-க்கும் மட்டும்தான் என்பது 2002-இல் மிஹய்லெஸ்கு நிரூபித்த பிறகுதான் உறுதியானது. வித்தியாசம் 2, 3, 4 என்று எதை எடுத்தாலும் அது எண்ணி முடிக்கக்கூடிய தடவைதான் வரும் என்பது பிள்ளையின் ஊகம். 1-ஐத் தவிர மற்ற ஒரு வித்தியாசத்துக்குக்கூட இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. டுரான்ட்டின் ஜிபியு எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினாலும் அது முடியாது. அதுக்கு வேண்டியது பேப்பர்.

அசோசியேஷன் இதைச் செய்யுதோ இல்லையோ, நீங்க இன்னைக்கு ராத்திரியே தொடங்கலாம். 23-க்கு அடுத்த பிள்ளை எண் 29. அதுக்கு அப்புறம் 31, 37, 41, 43, 47, 53 ஒண்ணுமே கிடையாது. அடுத்தது 59. எந்த ஃபேக்டோரியலில் அது மாட்டுதுன்னு நான் சொல்ல மாட்டேன். 58!-இன் உச்சியிலிருந்து கழற்ற ஆரம்பிங்க.